சின்னப் படங்களின் ஊர்

இரவு வேலை முடித்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அக்காவின் ரெலிபோன்.

"தம்பி, இண்டைக்கு உனக்கு லீவுதானே? இவன் ஒபர்ஹவுசனுக்குப் படம் பார்க்கப் போறானாம். நீயும் கூடப் போ. போற வழியில நாலு புத்தி சொல்லு. நான் சொன்னால் கேக்கிறான் இல்லை. அத்தான் வாய் திறந்தால் சண்டையிலதான் முடியுது. நீ சொன்னால் கேப்பான்."

எனக்கு நித்திரை கண்ணைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அக்கா சொன்னால் தட்ட முடியாது. 2010 இல் நான் இந்த நாட்டுக்கு ஒரு பையோடு வந்து இறங்கியபோது சோறு போட்டு, கட்டிலும் தந்தவ.

விசயம் இதுதான். என் மருமகனுக்கு இருபது வயது. இங்கே பிறந்தவன். மின்சார வேலைக்கான தொழிற்பயிற்சியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். மூன்றரை வருடப் பயிற்சி. முடித்தால் நல்ல வேலை, நல்ல சம்பளம். அதை இடையில் விட்டுவிட்டுப் படம் எடுக்கப் படிக்கப் போகிறானாம். அதுவும் நாங்கள் பார்க்கிற மாதிரிப் படம் இல்லை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, கதாநாயகன்கூட இல்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஓடுகிற சின்னப் படங்கள். "உதுக்கு ஆர் காசு குடுப்பான்?" என்பதுதான் அத்தானின் கேள்வி. உண்மையைச் சொன்னால், அன்று காலையில் என்னுடைய கேள்வியும் அதுவே.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. மெசினிலிருந்து விழும் மூடிகளில் பழுதானதைப் பார்த்து எடுத்து எறிவது என் பொறுப்பு. எட்டு மணித்தியாலம் கண் அசையாமல் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு சினிமா என்றால் ரஜினியும் விஜயும்தான். கலைப்படம் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

டோட்முண்டிலிருந்து ஒபர்ஹவுசனுக்கு நேரே ரெயில் இருக்கிறது. ஹம் நகரிலிருந்து வருகிற அதே ரெயில். நம்மவர்களுக்கு இந்தப் பாதையின் ஒரு முனை நன்றாகத் தெரியும். ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குச் சேலையும் மாலையுமாக ஏறிப் போகிறோம். அதன் மறுபக்கம் போவதற்கு எங்களுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. ஹேர்ன, வான அய்க்கல், கெல்சன்கிர்ஷன் என்று ஒவ்வொரு ஸ்ரேசனாக வந்தது. எல்லா இடத்திலும் ஒரே காட்சிதான். பழைய சிவப்புக் கல் கட்டிடங்கள், சக்கரம் மட்டும் மிஞ்சி நிற்கிற சுரங்கக் கோபுரங்கள், புல் மூடிய கரிமேடுகள். இவை இயற்கை மலைகள் என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். நிலத்துக்குக் கீழிருந்து மனிதர் கிண்டி எடுத்துக் கொட்டிய கழிவுக் கல் என்று ஒரு துருக்கிக் கிழவர்தான் பிறகு சொல்லித் தந்தார். அவர் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர்.

ரெயிலில் மருமகன் தன் சிறிய கொம்பியூட்டரைத் திறந்தான்.

"மாமா, அம்மா உங்களை ஏன் அனுப்பினவ எண்டு எனக்குத் தெரியும். பேசுறதுக்கு முதல் ஒரு படம் பாருங்கோ. ஒன்பது நிமிசம்தான்."

1975 இல் மூனிச் நகரில் எடுத்த படம். 'கணக்கெடுப்பு, மெற்ஸ் வீதி 11' என்று பெயர். எடுத்தவர் ஷெலிமிர் ஷில்னிக் என்ற யூகோஸ்லாவியர். ஒரு பழைய மாடிக் கட்டிடத்தின் படிக்கட்டு. கமரா ஓரிடத்தில் நிற்கிறது. அங்கே குடியிருக்கிறவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வருகிறார்கள். இத்தாலியர், துருக்கியர், கிரேக்கர், யூகோஸ்லாவியர். கமராவுக்கு முன் நின்று தங்கள் பெயரைச் சொல்கிறார்கள், எங்கிருந்து வந்தோம் என்று சொல்கிறார்கள், பாடு எப்படி என்றும் இரண்டு வார்த்தை. சிலர் தங்கள் மொழியில், சிலர் உடைந்த ஜேர்மனில். சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்தவர் வருகிறார். அவ்வளவுதான் படம்.

நான் சிரித்துவிட்டேன். "உதென்னடா? இதை நானும் எடுப்பனே!"

"அதுதான் மாமா" என்றான் அவன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சிரித்தேனே தவிர, அந்த முகங்கள் என்னை விடவில்லை. அவர்கள் கூட்டமாக வராமல் ஒவ்வொருவராகத் தனியே வந்ததாலோ என்னவோ! 'வெளிநாட்டுத் தொழிலாளர்' என்று பேப்பரில் எழுதினால் அது ஒரு எண்ணிக்கை. படியில் இறங்கி வந்தால் ஆள். நான் முதலில் இருந்த அகதி விடுதியிலும் இப்படி ஒரு படிக்கட்டு இருந்தது. நாலு மாடி. அதில் ஏறி இறங்கிய ஒருவருடைய படமும் என்னிடம் இல்லை. பல பெயர்களும் மறந்துவிட்டன.

ஒபர்ஹவுசன் ரெயிலால் பிறந்த ஊர். 1847 இல் வெறும் வெளியில் ஒரு ஸ்ரேசனைக் கட்டி, பக்கத்திலிருந்த மாளிகையின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஊர் ஒரு நிர்வாகமாக உருவானது 1862 இல்தான். ஸ்ரேசனுடைய பெயரே ஊருக்கும் வந்தது. அதற்கும் முன்னர், 1758 இலேயே, றூர் பிரதேசத்தின் முதல் இரும்பு உலை இன்றைய இந்த நகர எல்லைக்குள்தான் எரியத் தொடங்கியது. அந்தோனியார் பெயரில் அமைந்த உலை அது. பிறகு கரியும் உருக்குமாக நூற்றுக்கு மேற்பட்ட வருடங்கள். 1992 இல் இந்நகரின் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டது. பக்கத்து ஊரான பொட்ரொப்பில் 2018 மார்கழியில் மூடப்பட்டதுதான் ஜேர்மனியின் கடைசிக் கற்கரிச் சுரங்கம். உருக்காலை இருந்த நிலத்தில் 1996 இல் பெரிய கடைத்தொகுதி ஒன்று வந்துவிட்டது. அதன் அருகே 117 மீற்றர் உயரத்தில் ஒரு பெரிய தகர உருளை நிற்கிறது. 1920களின் முடிவில் ஆலைகளின் வாயுவைச் சேமிக்கக் கட்டியது. 1994 முதல் அதற்குள்ளே கண்காட்சிகள் நடக்கின்றன.

பழைய நகர மத்தியில் நாங்கள் நடந்தபோது சில கடைகள் பூட்டிக் கிடந்தன. புதிய கடைத்தொகுதி வந்ததும் சனம் அந்தப் பக்கம் போய்விட்டது. இப்படி ஒரு ஊரில் உலகப் படவிழாவா? பாரிசில் என்றால் நம்பலாம். இங்கே யார் வருவார்கள்?

ஆனால் வருகிறார்கள். ஒவ்வொரு வருடமும் வசந்த காலத்தில், ஏப்ரல் முடியும் மே தொடங்கும் நாட்களில் இந்த விழா நடக்கிறது. 1954 இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய குறும்பட விழாக்களில் ஒன்று. தொடங்கியவர் ஹில்மார் ஹொஃப்மன் என்பவர். அவர் சினிமாப் பணக்காரர் அல்லர். இந்நகரின் வொல்க்ஸ்ஹோக்சூலவுக்குப் பொறுப்பாக இருந்தவர். வாசகர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. வேலை முடிந்த களைப்போடு மாலையில் போய் நாங்கள் 'டெர், டீ, டாஸ்' படிக்கிறோமே, அந்த வகை மக்கள் பள்ளிக்கூடம்தான். போருக்குப் பிந்திய ஜேர்மனியில் தொழிலாளர் நகரம் ஒன்றில், வளர்ந்தவர்களுக்குப் படத்தின் மூலம் படிப்பிக்கலாம் என்று தொடங்கிய காரியம் அது. 1958 இல் 'அயலவனுக்குப் போகும் வழி' என்ற சுலோகத்தை வைத்தார்கள். அமெரிக்கப் பக்கம், ரஷ்யப் பக்கம் என்று உலகம் பிரிந்து கிடந்த காலம். கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் படங்களை இங்கே வரவழைத்துக் காட்டினார்கள்.

1962 மாசியில் இந்த விழாவில்தான் 26 படக் கலைஞர்கள் ஒன்று சேர்ந்து ஓர் அறிக்கை வாசித்தார்கள். பழைய ஜேர்மன் சினிமா செத்துவிட்டது, புதியதை நாங்கள் எடுப்போம் என்பது அதன் சாரம். அலெக்சாண்டர் குளுக, எட்கார் றைற்ஸ் போன்றவர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். அப்போது பெரும்பாலும் சின்னப் படங்கள் எடுத்தவர்கள் இவர்கள். பின்னாளில் ஜேர்மன் சினிமாவின் பெரிய பெயர்களானார்கள். ரெயிலில் நான் பார்த்த படத்தை எடுத்த ஷில்னிக்கும் 1968 இல் வேலையில்லாதவர்களைப் பற்றிய ஒரு சின்னப் படத்துக்காக இங்கே முதற் பரிசு பெற்றவர்தான். இதையெல்லாம் மருமகன் நடந்துகொண்டே சொன்னான். அக்காவிடம் ஒரு நாளும் இவ்வளவு கதைத்திருக்க மாட்டான்.

படம் காட்டும் இடத்தின் பெயர் 'லிஷ்ற்பூர்க்'. ஒளிக்கோட்டை என்று நாங்கள் சொல்லலாம். பெயர்தான் கோட்டை, நகரத்தின் சாதாரண சினிமாத் தியேட்டர். வாசலில் பல நாட்டு இளம் ஆட்கள். கழுத்தில் அட்டை, கையில் கோப்பி. எல்லாரும் என் மருமகன் மாதிரியே தலைமயிர் வெட்டாமல் இருந்தார்கள். நான் தொழிற்சாலை ஜக்கற்றோடு நின்றேன். யாரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை.

ஒரு காட்சியில் ஒரு படம் அல்ல, பல படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறார்கள். முடிந்ததும் எடுத்தவர் முன்னே வந்து நிற்பார். சபையிலிருந்து கேள்வி கேட்கலாம். எனக்குப் பாதி விளங்கியது. ஒரு படத்தில் திரை முழுவதும் கோடும் புள்ளியுமாக நடுங்கிக்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை. இரவு வேலை செய்தவனுக்கு அது தாலாட்டு மாதிரி. நன்றாக நித்திரை கொண்டேன். மருமகன் முழங்கையால் இடித்தபோது மற்றவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன்.

வெளியே வந்து கேட்டேன். "தம்பி, மற்றதெல்லாம் சரி. ஒருவர் தன் தகப்பனோட கதைக்கிறதைக் காட்டினார், அது விளங்கினது. உந்தக் கோடு கீறுற படம் என்னத்துக்கு?"

அவன் எனக்கு ஒரு கதை சொன்னான். அமெரிக்காவில் ஸ்ரான் பிராக்கேஜ் என்று ஒருவர். கையில் காசில்லாத காலம். 1963 இல் ஒரு படம் செய்தார், கமரா இல்லாமல். விளக்கில் விழுந்து செத்த விட்டில்களின் செட்டைகளையும் பூவிதழ்களையும் புல்லையும் பொறுக்கி, ஒளி புகுகிற இரண்டு ரேப்புகளுக்கு நடுவே வைத்து ஒட்டினார். அதையே பிரதி எடுத்துத் திரையில் ஓட விட்டார். நாலு நிமிடமும் இல்லை. திரையில் அந்தச் செட்டைகள் மறுபடி பறக்கின்றன.

எனக்கு எங்கள் வீட்டுக் குப்பி விளக்கு ஞாபகம் வந்தது. வன்னியில் கரண்ட் இல்லாத காலம். மாரி தொடங்கினால் விளக்கைச் சுற்றி விட்டில் மொய்க்கும். படிக்கிற கொப்பியில் விழும். காலையில் அம்மா செட்டைகளைக் கூட்டி அள்ளுவா. அள்ளி எறிகிற குப்பையை ஒருவர் பொறுக்கி எடுத்துப் பார்த்திருக்கிறார்! பரிசோதனைப் படம் என்றால் என்ன என்று அதற்குமேல் எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. மற்றவர்கள் பழுது என்று எறிவதை எடுத்துப் பார்ப்பது. நான் தொழிற்சாலையில் செய்கிற வேலைக்கு நேர் எதிர்.

மத்தியானம் ஒரு வாங்கில் இருந்து அக்கா கட்டித் தந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம். புத்தி சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"தம்பி, கொப்பா ரெஸ்ரோறன்ற்றில பாத்திரம் கழுவித்தான் உன்னை வளர்த்தவர். கையில ஒரு தொழில் வேணும். இது சோறு போடுமோ?"

"போடாது மாமா" என்றான் அவன். நான் எதிர்பார்க்காத பதில். "முதல் கொஞ்ச வருசம் நிச்சயமாப் போடாது."

"பிறகென்ன?"

அவன் யோசித்துவிட்டு இன்னொரு படத்தைச் சொன்னான். ஈரான் நாட்டுக் கவிஞர் ஃபொரூக் ஃபரோக்சாத். 1962 இல் தப்ரிஸ் நகரின் பக்கத்திலுள்ள ஒரு தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போய்ச் சில நாட்கள் தங்கி இருபது நிமிடப் படம் எடுத்தார். பெயர் 'வீடு கறுப்பு'. அதில் ஒரு வகுப்பறை வருகிறது. 'வீடு' என்ற சொல்லை வைத்து ஒரு வசனம் எழுதச் சொல்கிறார் ஆசிரியர். பிள்ளை கரும்பலகையில் எழுதுவதுதான் படத்தின் பெயர். அந்தப் படத்துக்கும் இதே ஒபர்ஹவுசனில் பரிசு கிடைத்தது. அங்கே கண்ட ஒரு சிறுவனைத் தன் பிள்ளையாகவே வளர்க்க அவர் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து வருடத்தில், 1967 இல், ஒரு கார் விபத்தில் இறந்தும் போனார். வயது 32. அவர் தனியாக இயக்கிய படம் அந்த ஒன்றுதான்.

"அவா அங்க போய் அந்தச் சனத்தைப் பார்த்துப் பாவம் எண்டு மட்டும் சொல்லேல்லை மாமா. அவையள் தலை இழுக்கிறது, விளையாடுறது, கலியாணம் செய்யிறது எல்லாம் இருக்கு. எங்கட ஆக்களை ஒருத்தரும் அப்பிடி எடுக்கேல்லை."

"எடுத்திருக்கினம்" என்றேன். "2011 இல பிரித்தானிய சனல் 4 காட்டினதை நீ பார்க்கேல்லையோ?"

"பார்த்தனான். அதில எங்கட சனம் சாகிறதுதான் இருக்கு. நீங்கள் எப்பிடி இருந்தனீங்கள் எண்டு இல்லை."

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் படம் தேவையான படம். சாட்சி இல்லாமல் எங்கள் சாவை யார் நம்பியிருப்பார்கள்? அதைச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"மாமா, பள்ளிக்கூட விண்ணப்பத்தோட ஒரு சின்னப் படம் அனுப்ப வேணும். உங்கட கையை எடுக்கலாமா?"

என் இடது கையில் முழங்கையிலிருந்து கீழே ஒரு தழும்பு. 2009 தையில் விசுவமடுப் பக்கம் பட்ட செல் துண்டு. இங்கே அகதி விசாரணையில் என் கதையைச் சொன்னபோது திகதி கேட்டார்கள், நேரம் கேட்டார்கள், எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கேட்டார்கள். இரண்டாம் முறை சொன்னபோது ஒரு திகதி மாறிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு டொக்டர் தழும்புக்குப் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்தார். 14 சென்ரிமீற்றர். என் வாழ்க்கையில் ஒருவர் கவனமாக வெளிச்சம் பார்த்து என்னைப் படம் எடுத்தது அதுதான் முதல் தடவை. வழக்கு முடிய ஐந்து வருடம் போனது. அந்த இடைவெளியில், 2014 இல், அம்மா ஊரில் செத்துப்போனா. நான் போகவில்லை. போயிருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது.

அன்றிலிருந்து கோடையிலும் நான் நீளக் கைச் சேட்டுத்தான் போடுகிறேன்.

"ஏலாது" என்றேன். "உது விளையாட்டுச் சாமான் இல்லை."

அவன் மன்னிப்புக் கேட்டான். பிறகு இன்னொரு காட்சி பார்த்தோம். அதில் நான் நித்திரை கொள்ளவில்லை. எடுத்தவர்கள் முன்னே வந்து பதில் சொன்னபோது அவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களும் தங்கள் சொந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் யாரும் அவர்களிடம் திகதி கேட்கவில்லை. ஒருவர் "எனக்கு அது சரியாக ஞாபகம் இல்லை" என்று சொன்னார். சபை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஞாபகம் இல்லை என்று சொல்லியும் ஒரு மனிதன் பொய்யன் ஆகாமல் நிற்கக்கூடிய ஓர் அறை! எனக்கு அது அதிசயமாகப் பட்டது.

திரும்பும் ரெயிலில் நாங்கள் கதைக்கவில்லை. டோட்முண்டில் இறங்கும்போது அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மாமா, உங்களுக்கு ஒரு படம் அனுப்புறன். தனியாப் பாருங்கோ. பிடிக்காட்டில் நிப்பாட்டுங்கோ."

அடுத்த நாள் இரவு, மனைவியும் மகளும் படுத்த பிறகு பார்த்தேன். மோனா ஹாட்டூம் என்ற பெண் 1988 இல் செய்த 15 நிமிட வீடியோ. 'தூரத்தின் அளவுகள்' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். அவருடைய பெற்றோர் பலஸ்தீனத்திலிருந்து லெபனானுக்கு அகதியாகப் போனவர்கள். அவர் 1975 இல் லண்டனுக்கு வந்திருந்தபோது லெபனானில் சண்டை தொடங்கி, திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். படத்தில் பெய்ரூட்டிலிருந்து தாய் எழுதிய கடிதங்களை மகள் ஆங்கிலத்தில் வாசிக்கிறார். பின்னால் தாயும் மகளும் அரபு மொழியில் சிரித்துக் கதைக்கிற சத்தம் கேட்கிறது. திரையில் தாய் குளிக்கிற மங்கலான படங்கள். மருமகன் ஏன் தயங்கினான் என்று விளங்கியது. எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படங்களின் மேலே கடிதத்தின் அரபு எழுத்துக்கள் வரிவரியாக ஓடுகின்றன. என் கண்ணுக்கு அவை முட்கம்பி வேலியாகத் தெரிந்தன. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் பெரியம்மாவும் நின்று கதைத்தது அப்படித்தான். கடைசிக் கடிதத்தில், தபாற்கந்தோர் குண்டில் அழிந்துவிட்டது, இனிக் கடிதம் அனுப்புவது கஷ்டம் என்று தாய் எழுதுகிறார். படம் முடிகிறது.

நான் அந்த அரபுப் பேச்சையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒரு சொல்லும் விளங்காது. ஒரு தாயும் மகளும் சாதாரணமாகக் கதைக்கிற சத்தம், அவ்வளவுதான். என்னிடம் அது இல்லை. ஐந்து யூரோ ரெலிபோன் காட் வாங்கி வாங்கி அம்மாவோடு நாலு வருடம் கதைத்தேன். "சாப்பிட்டியோ, குளிரோ, கேஸ் என்னவாம்" என்று அவ கேட்ட ஒரு வார்த்தையாவது நான் பதிந்து வைக்கவில்லை. என் மகளுக்கு இப்போது ஆறு வயது. "அப்பம்மாவின்ர குரல் எப்பிடி இருக்கும்?" என்று போன வருடம் கேட்டாள். நான் கதைத்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். அது அம்மாவின் குரல் அல்ல.

என் கோப்பில் எல்லாம் இருக்கிறது. தழும்பின் நீளம், திகதிகள், வரைபடம். அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவா என்பது மட்டும் அதில் இல்லை. அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நாங்களும் அதற்கு ஒரு பெறுமதி இருப்பதாக நினைக்கவில்லை. நம்ப வைப்பதற்காகவே இத்தனை வருடமும் எங்கள் கதையைச் சொல்லிப் பழகிவிட்டோம். நம்ப வைக்கத் தேவையில்லாத ஒரு கதையும் எங்களிடம் இருக்கிறது என்பதை அந்தச் சின்னப் படங்கள்தான் எனக்குக் காட்டின.

திங்கட்கிழமை அக்காவிடம் போனேன். அத்தானும் இருந்தார். "என்ன, புத்தி சொன்னியோ?" என்றா அக்கா.

"சொன்னன். பயிற்சியை முடிக்கட்டும். இன்னும் ஒண்டரை வருசம்தான். கையில தொழில் இருக்கட்டும். ஆனால் படம் எடுக்கிறதை மறியாதேங்கோ. கமராவுக்குக் காசு வேணுமெண்டால் பாதி நான் தாறன்."

அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன்னையும் மாத்திப்போட்டானோ?"

மருமகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மூன்றாம் நாள் வந்து பேரம் பேசினான். பயிற்சியை முடிக்கிறானாம். ஆனால் அதற்கு நான் ஒரு விலை கொடுக்க வேண்டும். என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு அவன் எங்கள் குசினிக்கு வந்தான். பெரிய கமரா ஒன்றுமில்லை, ரெலிபோன்தான். முன்பு 16 மில்லிமீற்றர் பிலிமில் எடுத்த காலத்தில் 100 அடிச் சுருள் மூன்று நிமிடம்கூட ஓடாதாம். அதனால் ஒவ்வொரு செக்கனையும் யோசித்து எடுத்தார்களாம். அவனும் அப்படி மூன்று நிமிடம் மட்டும் எடுக்கப் போவதாகச் சொன்னான். நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். சேட்டுக் கையை மேலே மடித்துவிட்டேன். தழும்பு தெரியட்டும் என்று கையை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"வேண்டாம் மாமா, திருப்பாதேங்கோ. நீங்கள் குழையுங்கோ. நான் மாவைத்தான் எடுக்கிறன்."

குழைத்தேன். தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது என்று மகள் பக்கத்தில் நின்று சொன்னாள். அம்மா எப்படித் தெளிப்பா என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதுவும் பதிவாகிவிட்டது. பிறகு போட்டுப் பார்த்தோம். மூன்று நிமிடம். என் கை, மா, மகளின் குரல், என் குரல். தழும்பும் ஓரிடத்தில் வருகிறது, மா ஒட்டிக்கொண்டு.

இதை வாசிக்கிற உங்களுக்கு ஊரில் தாய் தகப்பன் இருந்தால், இன்று ரெலிபோன் எடுக்கும்போது அந்தப் பேச்சைப் பதிந்து வையுங்கோ. அவர்களிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கோ. பெரிய விசயம் ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. என்ன கறி என்று கேட்டாலே போதும்.